மனைவியின் லிஃப்ட் மெக்கானிக்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை சாயங்காலம் அந்த பாரில் டிவியை அணைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் அணைத்தால் சண்டை வரும். திங்கட்கிழமை குடிக்க வருகிறவர்கள் குறைவு என்பதால், கடைக்காரம்மா அந்த ஒரு நாளைக் கதை கவிதை படிக்கிறவர்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தாள். அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு கல்லாவில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் தெருவுக்கே அண்ணன். அவர் போன பிறகும் உறவுமுறை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்த வாசிப்பை ஆரம்பித்து வைத்தவர் ஒரு இன்சூரன்ஸ்காரர். மோதி நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, நெளிசலைத் தடவிப் பார்த்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தினால் போதும் என்று எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். இளவயதில் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருந்தார். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்தது எப்போது வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக மாதாமாதம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்து படிக்கப் போகிறவர் யார், அவர் என்னென்ன எழுதியிருக்கிறார் என்று அழகாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். பாரில் அவருக்கு மைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் முடிந்த முழங்கால்களை மடக்கவும் நீட்டவும் பழக்குவது அவள் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வலியோடு மல்லுக்கட்டிவிட்டு நேரே பாருக்கு வருவாள். கோட்டு மாட்டும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சை சோடா குடிப்பாள். யார் படித்தாலும் ஒரே மாதிரி கைதட்டுவாள். அவளுக்கு இதிலெல்லாம் அவ்வளவாக ருசி இல்லை, தனக்காகத்தான் வருகிறாள் என்று மைக்காரர் நினைத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஒரு மாதம் படிக்க வேண்டிய கவிஞருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆள் இல்லை. மைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது மனைவி எழுந்து வந்தாள்.

"நான் வேணா ஒண்ணு படிக்கட்டுமா?"

"நீ என்னத்தப் படிப்பே?"

அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்தாள். அவர் விளையாட்டு என்றே நினைத்தார். "என் வீட்டம்மா கொஞ்ச நேரம் நம்மளைச் சமாளிக்கிறேன்னு சொல்றாங்க, பொறுத்துக்குங்க" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

ஒரு பழைய கட்டடம். மூன்றாவது மாடியில் கிளினிக். அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண். மாதம் ஒருமுறை லிஃப்டைச் சரிபார்க்க வரும் ஒரு மெக்கானிக். அவன் கருவி எதையும் வெளியே எடுப்பதற்கு முன் கதவில் காதை வைத்துக் கேட்பான். கேட்டே எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவான். போகும்போது அந்தப் பெண்ணைப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை முழங்கால்?" என்று கேட்பான். அவள் பதில் சொல்வாள். சொல்லி முடிக்கும்வரை அவன் நிற்பான். கதையில் நடப்பது அவ்வளவுதான்.

ஆனால் பாரில் கிளாஸ் வைக்கிற சத்தம்கூட இல்லை. அண்ணி கல்லாவை விட்டு வந்து தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாள்களை மடித்ததும் ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டு, பிறகு தட்டினார்கள் பாருங்கள், மைக்காரர் அப்படி ஒரு தட்டலை அந்த இடத்தில் கேட்டதே இல்லை. எப்போதும் முன் வரிசையில் உட்கார்ந்து வறுத்த கடலையைக் கொறிக்கும் பல் டாக்டர் எழுந்து நின்று, "அடுத்த மாசம் அவன் வருவானா?" என்று கேட்டார்.

"வரணும்ல, சர்வீஸ் காண்ட்ராக்ட் இருக்கே" என்றாள் அவள். மறுபடி சிரிப்பு.

அன்றைக்கு மைக்காரருக்கு முதலில் வந்தது பெருமைதான். அதை மறுக்க முடியாது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது மெல்லத் திரிந்தது.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"லிஃப்ட்."

"கதைல வர்றவன்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுச் சாவியைத் தேடினாள்.

அவள் கிளினிக் இருப்பது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்டும் உண்டு. மைக்காரருக்கு அந்த வாரம் முழுக்க எந்த காரின் நெளிசலிலும் மனம் நிற்கவில்லை. கதவில் காதை வைத்து நிற்கும் ஒருவன், சின்ன வயசு, ஒல்லி, நல்ல விரல்கள், என்று ஆளை அவரே செதுக்கிக்கொண்டார். மனைவி விடுப்பில் இருந்த ஒரு நாள் பார்த்து அந்தக் கட்டடத்துக்குப் போய் லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய்வந்தார். வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்து, சர்வீஸுக்கு ஆள் வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அன்றைக்கும் போய் நின்றார்.

வந்தவர் ரிடையர் ஆகப் போகிற வயசு. தொப்பையைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க வந்தார். கதவில் காதை வைக்கவில்லை, காலால் ஒரு உதை விட்டார்.

"மாசாமாசம் நீங்கதான் வருவீங்களா?" என்று மைக்காரர் கேட்டார்.

"நான்தான் வரேன். ஏன், வேற யாரு வரணும்?"

"கல்யாணம் ஆயிடுச்சா உங்களுக்கு?"

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பேரன் எடுத்தாச்சு. உங்களுக்கு என்ன வேணும்? படி ஏற முடியாதா?"

மைக்காரர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை. அன்று மாலை மனைவிக்குப் பூங்கொத்துகூட வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மா என்றார்.

ஆனால் அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்படி ஒருவன் இருந்திருந்தால் அவன் தற்செயல். வந்தான், பார்த்தாள், எழுதினாள் என்று விட்டுவிடலாம். இல்லாதவனை அவள் உட்கார்ந்து, யோசித்து, காதிலிருந்து கால்வரை தன் கையால் செய்திருக்கிறாளே. ஏன் செய்தாள்? எதைப் பார்த்துச் செய்தாள்? படுக்கையில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். நல்ல தூக்கம்.

அடுத்த மாதம் பாரில் நிற்க இடமில்லை. பல் டாக்டர் தன் நர்ஸுகளையே கூட்டி வந்திருந்தார். மற்ற இரண்டு பேர் படித்தபோது நெளிந்துகொண்டிருந்த கூட்டம், மைக்காரர் "என் வீட்டம்மா" என்று சொல்லி மனைவியை அழைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது. லிஃப்ட் மெக்கானிக் வந்தான், கேட்டான், நின்றான். அந்தப் பெண் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவதை அவன் கண்டுபிடித்தான். நோயாளி வலியில் அழும்போது அவள் மனதுக்குள் பழைய பாட்டு ஒன்றை ஓடவிடுவாள் என்பதையும் அவனிடம் சொல்லிவிட்டாள். இரண்டுமே மைக்காரருக்குப் புதிய செய்தி.

மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் துணிந்து கேட்டார்: "இன்னிக்கு எத்தனை முழங்கால்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. "அது அவனோட வசனம். நீங்க வேற ஏதாவது கேளுங்க."

அவர் யோசித்தார். உப்பு போதுமா என்று கேட்க வந்தார், நல்லவேளை கேட்கவில்லை. வேறு ஒன்றும் தோன்றவில்லை. 

மூன்றாவது மாதம்தான் அடி விழுந்தது. அந்த முறை கதையில் மெக்கானிக் குறைவாகத்தான் வந்தான். அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் இரண்டு செட் துணியை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். பஸ் வருகிறது. உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே வீட்டைவிட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை. திரும்பி வருகிறாள். கதவைத் திறந்த கணவன் பையைப் பார்க்கிறான். "பால் வாங்கினியா?" என்கிறான்.

பார் குலுங்கியது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். யாரோ மேசையைத் தட்டினார்கள். மைக்காரர் மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவில் இருந்தது. பை நினைவில் இல்லை. பால் கேட்டது இருந்தது.

அன்று முகம் சுண்டிப்போய்த்தான் வீட்டுக்கு வந்தார். நாலைந்து நாள் போனது. பிறகு பாருக்குத் தனியாகப் போய் அண்ணியிடம், வாசிப்பில் ஒரு ஒழுங்கு வேண்டும், ஒரே ஆள் அடுத்தடுத்த மாதம் படிக்கக்கூடாது என்று விதி வைக்கலாம் என்றார்.

அண்ணி கிளாஸைத் துணியால் திருகித் துடைத்தாள். "யாருக்குத் தம்பி இந்த விதி?"

"பொதுவாத்தான், அண்ணி."

"பொதுவான்னா அந்தப் பொண்ணுக்கு மட்டும்தானே. வேற எவனை ரெண்டாம் மாசம் கூப்பிட்டோம்?" அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, உங்க வீட்டு விவகாரம். வச்சுக்குங்க. ஆனா கூட்டம் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

மனைவியிடம் விதியைச் சொன்னபோது அவள் "சரி" என்றாள்.  அடுத்த மாதத் திங்கட்கிழமை வழக்கம்போல் கோட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் ஆள் படித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "லிஃப்ட் எங்கப்பா?" என்றது. மைக்காரர் விதியைச் சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது. "அப்ப கதை அந்தரத்துல நிக்குதே" என்றார் பல் டாக்டர். "மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி" என்று யாரோ சேர்த்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கோட்டு ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார்கள். எல்லோருடைய முகத்திலும் அவள்மேல் ஒரு பிரியம். அந்தப் பிரியத்தைப் பார்த்ததும் மைக்காரருக்குள் ஏதோ ஒன்று கைமீறிப் போனது.

"அடுத்து என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன்" என்றார். கையில் தாள் இல்லை. நின்ற இடத்திலேயே சொன்னார். மெக்கானிக் அந்த மாதமும் வந்தான், கதவில் காதை வைத்தான், ஒரு சத்தம் கேட்டது, மேலே கயிறு அறுந்தது, லிஃப்ட் அவனோடு கீழே விழுந்தது, அவன் செத்தான். "அவ்வளவுதான் கதை."

யாரும் தட்டவில்லை. பல் டாக்டர் கையில் எடுத்த கடலையைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டார். மனைவி சோடாவைக் குடித்து முடித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, வழியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கொஞ்சம் நகர்ந்துக்குங்க என்று மரியாதையாகச் சொல்லி, வெளியே போனாள். இன்னொருவர் படிக்கக் காத்திருந்ததால் மைக்காரரால் பின்னாலேயே போக முடியவில்லை. அந்த இன்னொருவரின் பெயரை அவர் தப்பாகச் சொன்னார்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவனைக் கொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "ஆனா மோசமாக் கொன்னீங்க. லிஃப்ட்ல ஒரு கயிறு இல்ல, பல கயிறு இருக்கும். ஒண்ணு அறுந்தா விழாது. மேல பிரேக் இருக்கு. எங்க பில்டிங் மெக்கானிக் வந்தப்ப எல்லாம் கேட்டு வச்சேன்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அவரு இன்னொண்ணும் சொன்னாரு. யாரோ ஒருத்தர் வந்து நின்னு, மாசாமாசம் நீங்கதான் வருவீங்களான்னு கேட்டாராம். கல்யாணம் ஆயிடுச்சான்னு விசாரிச்சாராம். பொண்ணு குடுக்க வந்திருக்காங்கன்னு நினைச்சாராம், இந்த வயசுல."

மைக்காரருக்குக் காது சிவந்தது. அவள் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள்.

"பால் கேட்டதுக்குச் சிரிச்சாங்களே, அதுவா?"

"அதுவும்தான்."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போனது உங்களுக்குப் பெரிசாத் தெரியல. சிரிச்சதுதான் தெரியுது" என்றாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய முறை வந்தது. அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள். வீட்டில் சண்டை என்று சொல்ல முடியாது. மின்கட்டணம், தண்ணீர்க் குழாய், அவர் தங்கையின் பிரசவம் என்று பேச்செல்லாம் இருந்தது. பாரில் முதலில் நர்ஸுகள் வருவது நின்றது. பிறகு உட்கார இடமில்லாமல் நின்று கேட்டவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். வந்தவர்களும் கதவைத் திறந்ததும் கோட்டு ஸ்டாண்டைத்தான் பார்த்தார்கள். மைக்காரர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கிளினிக் இருந்த தெருவில் ஒரு விபத்துக் காரைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்து முடித்தார். காரை விட்டு நகர்ந்தவர் தெருவைக் கடந்து அந்தக் கட்டடத்துக்குள் போனார். லிஃப்டில் ஏறவில்லை. மூன்றாவது மாடியைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போகும் படிகளில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் சாப்பாட்டு டப்பா. கதையில் இருந்தபடியே.

"என்ன, முழங்கால் வலியா?" என்றாள்.

"இல்ல. சும்மா." மூச்சு வாங்கியது. ஒரு படி கீழே உட்கார்ந்தார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு, இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டார். "அன்னிக்கு பஸ்ல இடம் இருந்திருந்தா போயிருப்பியா?"

அவள் டப்பாவை மூடினாள். "இடம் இருந்துச்சு. கதைக்காக இல்லைன்னு எழுதினேன். ஜன்னல் ஓரமே காலியா இருந்துச்சு. ஏறி உக்காந்தேன். வண்டிய எடுக்கறதுக்குள்ள இறங்கிட்டேன்."

எனக்காகவா இறங்கினாய் என்று கேட்க அவருக்கு வாய் வரை வந்தது. அதைக் கேட்டால் பேச்சு மறுபடி தன்னிடமே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று தோன்றியது. "எங்க போறதா இருந்தே?" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இதை அவன்கூடக் கேக்கல."

வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் மைக்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லாத ஒருவனை ஒரு கேள்வியில் முந்திவிட்ட சந்தோஷம். அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாட்டில் மூடியைத் திருகினார்.

"எங்கயும் இல்ல. கடைசி ஸ்டாப்ல என்ன இருக்குன்னு பாக்கலாம்னு. தினமும் போர்டுல பேரு பாக்கறேன், போனதே இல்ல." மூடிய டப்பாவை ஓரமாக வைத்தாள். "நீங்க ஏன் எழுதறதை விட்டீங்க?"

"யாரும் கேக்கல. அடுத்தது எங்கேன்னு."

"நானும் கேக்கல" என்றாள். அது மன்னிப்புக் கேட்பதா, கணக்குத் தீர்ப்பதா என்று அவருக்குப் புரியவில்லை. கீழே கிளினிக் கதவு திறந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அடுத்த மாசம் படிக்கறேன். ஆனா என்னைப் பத்திச் சொல்லிக் கூப்பிடறது நீங்க இல்ல. அண்ணி கூப்பிடட்டும்."

அப்படியே நடந்தது. அண்ணிக்கு மைக் பழக்கமில்லை. அதை வாயோடு ஒட்டிப் பிடித்து, "இந்தப் பொண்ணு படிக்கப் போகுது, பேசாம இருங்க" என்றாள். அதற்கே கைதட்டல். மைக்காரர் கோட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் படிக்கிறவரின் பக்கவாட்டு முகம்தான் தெரிகிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் அவளுக்கு அவர் முகமும் பாதிதான் தெரிந்திருக்கும்.

மெக்கானிக் உயிரோடு வந்தான். தான் செத்தது அவனுக்குத் தெரியாது. கூட்டம் அவனைப் பார்த்து ஆரவாரம் செய்தது. மைக்காரருக்குப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. போய்விட்டது என்று நினைத்திருந்தார், போகவில்லை. பிறகு கதையில் கணவன் வந்தான். மூச்சு வாங்கப் படியேறி வந்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"நீ அன்னிக்குத் திரும்பி வந்தப்ப நான் கதவை மட்டும்தான் திறந்தேன்" என்றான் அந்தக் கணவன். "இப்ப சொல்லு, உள்ள வர்றியா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்காரர் அந்த வார்த்தைகளை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தது தான்தானே, தனக்கு ஏன் இது தோன்றவில்லை? மெக்கானிக்கின் மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இந்தக் கணவனை எப்படித் தாண்டுவது?

கைதட்டல் அடங்குவதற்குள் பல் டாக்டர் அவர் பக்கம் சாய்ந்தார். "இது நீங்கதானே?"

"இல்லைங்க" என்றார் மைக்காரர். "நான் இவ்வளவு நல்லாப் பேச மாட்டேன்."